தேர்வடத்தில் ஆளுநரின் கை: மதமும் அரசும் பற்றி ஓர் எளிய விளக்கம்

புதுச்சேரியை அடுத்த வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேர் நகர்வதற்கு முன்பு சிறிது நேரம் எல்லோரும் காத்திருப்பார்கள். வடம் தரையில் நீண்டு கிடக்கும். இருபுறமும் மக்கள் குனிந்து பிடிக்கத் தயாராக நிற்பார்கள். துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்து வடம் பிடித்த பிறகே தேர் நிலையை விட்டு அசையும். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் பிரெஞ்சு ஆளுநர் வந்து வடம் பிடித்துக் கொடுப்பார். அவர்கள் கப்பல் ஏறிய பிறகும் வழக்கம் ஊரிலேயே தங்கிவிட்டது.

சென்ற முறை தேர் பார்க்க என் தங்கை மகளும் வந்திருந்தாள். பிளஸ் டூ படிக்கிறாள். அந்த இரைச்சலுக்கு நடுவே என் காதருகே வந்து கேட்டாள்: "மாமா, நம்முடையது மதச்சார்பற்ற நாடு என்று புத்தகத்தில் இருக்கிறது. பிறகு ஆளுநர் எப்படித் தேர் இழுக்கிறார்?"

"அது பழைய வழக்கம் அம்மா" என்று சொல்லிவிட்டேன். வீடு திரும்பிய பிறகும் அந்தப் பதில் என்னை உறுத்தியது. பழைய வழக்கம் என்று சொன்னால் கேள்வியைத் தள்ளிப்போட்டதாகத்தான் அர்த்தம். அன்று சொல்லியிருக்க வேண்டியதை அவளுக்காகவும், இந்தப் பொருளை முதல்முறையாக அணுகுகிற மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

அரசு வேறு, அரசியல் வேறு

‘மதமும் அரசியலும்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் இரண்டு உறவுகள் இருக்கின்றன. அரசு என்பது சட்டம், கஜானா, நீதிமன்றம், போலீஸ். அந்த அரசை யார் நடத்துவது என்று மக்கள் கூடிப் பேசி, மோதி, வாக்களித்து முடிவு செய்வது அரசியல். அரசிடமிருந்து மதத்தைப் பிரித்து வைக்கச் சட்டம் எழுதலாம். அரசியலிலிருந்து பிரிப்பது அத்தனை எளிதன்று. வாக்குச்சாவடிக்குப் போகிறவர் தம் நம்பிக்கையை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுப் போவதில்லை.

அமெரிக்காவைப் பாருங்கள். எந்த அரசுப் பதவிக்கும் மதத்தைத் தகுதியாகக் கேட்கக் கூடாது என்று 1787-இலேயே அரசியல் சாசனத்தில் எழுதிவிட்டார்கள். ஆனாலும் ஒரு கத்தோலிக்கர் குடியரசுத் தலைவராக 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கென்னடிதான் அந்த முதல் கத்தோலிக்கர். சட்டம் திறந்துவிட்ட கதவை வாக்காளர்கள் திறக்க 170 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

‘மதச்சார்பின்மை’ என்ற சொல்லையும் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடலாம். சார்பு இல்லாத தன்மை. அவ்வளவுதான். கடவுள் இல்லை என்று சொல்வது அதன் வேலையில்லை. கோயிலை இடிப்பதும் கட்டுவதும் அதன் வேலையில்லை. ஆங்கிலத்தில் ‘செக்யூலரிசம்’ என்ற சொல்லை 1851-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜார்ஜ் ஹோலியோக். அவர் கடவுள் நம்பிக்கை அற்றவர்தான். ஆனால் அவர் உருவாக்கிய சொல்லைப் பிறகு நம்பிக்கை உள்ளவர்களும் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள ஆயிரம் கோட்பாடுகள் தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஒரு முடிச்சை மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்தால் போதும். ஒருவர் எந்தக் கடவுளை வணங்குகிறார் என்பதை வைத்து அவருடைய பதவியும் சொத்தும் உரிமையும் முடிவாகின்றனவா? ஆகின்றன என்றால் முடிச்சு இறுகியிருக்கிறது. இல்லையென்றால் அவிழ்ந்திருக்கிறது. கடந்த முந்நூறு ஆண்டு வரலாறு இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு சாராரும் இறுக்க இன்னொரு சாராரும் இழுத்த வரலாறு.

ஒரு துபாசியும் அவர் மகனும்

பழைய காலத்தில் இந்த முடிச்சை யாரும் கேள்வி கேட்கவில்லை. அரசன் மதம் மாறினால் மடங்களின் தலையெழுத்தும் மாறும். கடலூரைச் சுற்றியே இதற்கான கதை இருக்கிறது. சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய அப்பரைப் பல்லவ மன்னன் கல்லோடு கட்டிக் கடலில் எறியச் செய்தான் என்றும், அவர் திருப்பாதிரிப்புலியூர் அருகே கரையேறினார் என்றும், பிறகு மன்னனே சைவனாகிச் சமணப் பள்ளிகளை இடித்துத் திருவதிகையில் கோயில் கட்டினான் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. கரையேறவிட்டகுப்பம் என்று இன்றும் ஓர் ஊர் இருக்கிறது. கதையில் எத்தனை பங்கு வரலாறு என்பது தனி விவாதம். அரசனின் நம்பிக்கையே அரசின் நம்பிக்கை என்பதை அந்தக் கதை இயல்பாக எடுத்துக்கொள்கிறது. நாம் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

புதுச்சேரியில் இந்த முடிச்சு ஒரு குடும்பத்தின் கழுத்தை இறுக்கியதை ஆவணங்களோடு பார்க்க முடிகிறது.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். பிரெஞ்சுக் கம்பெனி இங்கே வந்தது துணிக்காக. துணி நெய்தவர்களும் வாங்கி விற்றவர்களும் பெரும்பாலும் இந்துக்கள். கூடவே வந்த சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் அமைப்பின் பாதிரியார்களுக்கு வேறு நோக்கம் இருந்தது. அவர்களுடைய நெருக்குதலால் ஆளுநர்கள் கோயில் வழிபாட்டுக்கும் திருவிழாவுக்கும் கட்டுப்பாடு விதித்தபோது, நெசவாளர்களும் வணிகர்களும் ஊரையே காலி செய்துவிட்டுப் போகக் கிளம்பினார்கள். தறி நின்றால் கப்பலில் ஏற்ற என்ன இருக்கும்? ஆளுநர்கள் பின்வாங்கினார்கள். வாக்குரிமை என்ற பேச்சே இல்லாத காலத்தில் ஊர் மக்கள் நடத்திய அரசியல் இது.

அந்தக் கம்பெனியின் தலைமைத் துபாசி நைனியப்பப் பிள்ளை. பிரெஞ்சுக்காரர்களுக்கும் உள்ளூர் வணிகர்களுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் நிற்கிற பெரிய பதவி அது. ஒரு இந்து அந்த இடத்தில் இருப்பது சேசு சபையாருக்குப் பொறுக்கவில்லை. 1716-இல் அவர் கைது செய்யப்பட்டார். ஆட்சிக்கு எதிராகச் சதி செய்தார் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டு சிறையிலேயே இறந்தார். பின்னர் வழக்கு பிரான்சுக்குப் போய், அவர்மீதான தீர்ப்பு தவறு என்று ஆனது. செத்தவருக்கு அதனால் என்ன?

அவர் மகன் குருவப்பப் பிள்ளை பாரிசுக்குக் கப்பல் ஏறினார். அங்கே கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றார். செவாலியே பட்டம் கிடைத்தது. புதுச்சேரிக்குத் திரும்பித் தந்தையின் பதவியில் அமர்ந்தார். இந்த மூன்று வாக்கியங்களையும் ஒருமுறை சேர்த்துப் படியுங்கள். அப்பன் மதம் மாறாமல் சிறையில் செத்தார். மகன் மதம் மாறிப் பதவியைப் பெற்றார். மகனை நான் குறை சொல்லமாட்டேன். அவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரிய வழியில்லை. அதுதான் இந்த முடிச்சின் கொடுமையும். பதவியையும் நம்பிக்கையையும் சேர்த்துக் கட்டிவிட்டால், மெய்யாகவே மனம் மாறியவரைக்கூட ஊர் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

குருவப்பருக்குப் பின் வந்த கனகராய முதலியாரும் கிறிஸ்தவர். 1746-இல் அவர் இறந்ததும், நைனியப்பரின் உறவினர் ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர் பேச்சுக்கு வந்தது. அவர் இந்து என்பதால் எதிர்ப்பு பலமாக இருந்தது. ஆளுநர் டூப்ளேயின் மனைவியே எதிர்த்தார். டூப்ளேக்கு ஆனந்தரங்கரின் வணிகத் திறமை வேண்டியிருந்தது. பதவி அவருக்கே கிடைத்தது. 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கர் எழுதிய நாட்குறிப்புதான் நமக்கு இந்தக் காலத்தின் கண்ணாடி. அவர் பெயர் தாங்கிய தெருவில் அவர் மாளிகை இன்றும் நிற்கிறது. பாதி பிரெஞ்சுத் தூண், பாதி தமிழ் மரவேலை.

அந்த நாட்குறிப்பில் ஒரு வலிமிகுந்த பகுதி வருகிறது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த வேளையில், சேசு சபையாரின் தேவாலயத்தை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஊரார் ஆனந்தரங்கரிடம் ஓடி வந்து முறையிடுகிறார்கள். ஊரின் பெரிய துபாசி அவர். கோயிலைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. தேவாலயம் இருந்த இடத்தில் பின்னாளில் எழுந்ததுதான் மிஷன் வீதியில் நாம் காணும் சம்பா கோயில். வேதபுரீசுவரருக்கு ஊரின் வேறோர் இடத்தில் பிறகு கோயில் எழுந்தது. இரண்டிலும் இன்று மணி அடிக்கிறது. இரண்டுக்கும் இடையே நடந்து போகிற பலருக்கு இந்தக் கதை தெரியாது.

பாராளுமன்ற வாசலில் ஆறு ஆண்டுகள்

இந்தக் கொடுமை கிழக்கில் மட்டும் நடந்ததில்லை. ஐரோப்பாவே இதனால் ரத்தம் சிந்தியது. 1555-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஜெர்மானிய மன்னர்கள் செய்துகொண்ட சமாதானத்தின் சாரம், நாட்டை ஆள்பவனின் மதமே நாட்டின் மதம் என்பது. அது நிலைக்காமல் முப்பதாண்டுப் போர் மூண்டது. 1648-இல் வெஸ்ட்பேலியா உடன்படிக்கையோடு ஓய்ந்தது. அதன் பிறகும் 1685-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி புராட்டஸ்டன்ட்களுக்குத் தரப்பட்டிருந்த பாதுகாப்பை ரத்து செய்ய, பெருந்திரளானோர் நாட்டை விட்டு ஓடினார்கள்.

முடிச்சு எப்படி மெல்ல அவிழ்ந்தது என்பதை இங்கிலாந்தில் தெளிவாகப் பார்க்கலாம். அங்கே அரசரே ஆங்கிலிக்கன் திருச்சபையின் தலைவர். பாராளுமன்ற உறுப்பினர் பதவியேற்கும் உறுதிமொழி, கத்தோலிக்கரோ யூதரோ சொல்ல முடியாத வார்த்தைகளால் ஆனது. 1829-இல் கத்தோலிக்கர்களுக்கு வழி பிறந்தது. யூதர் ஒருவர் 1858-இல்தான் உள்ளே உட்கார முடிந்தது. கடவுளையே நம்பாதவர்?

சார்லஸ் பிராட்லா என்ற நாத்திகர் 1880-இல் நார்தாம்ப்டன் தொகுதியில் வென்றார். கடவுளின் பெயரால் பிரமாணம் செய்யாமல் உறுதி மட்டும் கூறுகிறேன் என்றார், அனுமதி இல்லை. சரி, பிரமாணமே செய்கிறேன் என்றார். நீ நம்பாதவன், உன் பிரமாணம் செல்லாது என்றார்கள். மக்கள் அவரை மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். சபை மீண்டும் மீண்டும் வெளியே தள்ளியது. 1886-இல்தான் அவர் தம் இருக்கையில் அமர்ந்தார். 1888-இல் அவர் முயற்சியால் வந்த சட்டம், கடவுள் பெயரைச் சொல்லாமலும் உறுதிமொழி கூறலாம் என்றாக்கியது. 1891-இல் அவர் இறந்தபோது, லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஓர் இந்திய மாணவர் இறுதிச் சடங்குக்குப் போயிருந்தார். அவர் பெயர் மோகன்தாஸ் காந்தி.

பிராட்லா அன்று கேட்ட உரிமை நம் அரசியல் சாசனத்தின் மூன்றாம் அட்டவணைக்குள் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. நம் அமைச்சர்கள் ‘கடவுளின் பெயரால் ஆணையிட்டு’ என்றும் சொல்லலாம், ‘உளமார உறுதி கூறுகிறேன்’ என்றும் சொல்லலாம். 1967-இல் அண்ணாவின் அமைச்சரவை உளமார உறுதி கூறிப் பதவியேற்றது, யாரும் தடுக்கவில்லை. தொலைக்காட்சியில் பதவியேற்பு நடக்கும்போது அந்த ஒரு சொல்லைக் காது கொடுத்துக் கேளுங்கள். அதற்குப் பின்னால் ஆறு ஆண்டுப் போராட்டம் இருக்கிறது.

ஆனால் இங்கிலாந்தில் முடிச்சு முழுவதும் அவிழ்ந்துவிடவில்லை. ஒரு கத்தோலிக்கர் இன்றும் அந்த நாட்டின் அரியணை ஏற முடியாது. பிரபுக்கள் சபையில் 26 பிஷப்புகளுக்கு இடம் இருக்கிறது.

எட்டி நிற்கும் பிரான்ஸ், நடுவில் நின்ற புதுச்சேரி

அமெரிக்கர்கள் அரசையும் திருச்சபையையும் பிரித்தது பெரும்பாலும் மதங்களை அரசின் கையிலிருந்து காப்பாற்ற. பிரெஞ்சுக்காரர்கள் பிரித்தது அரசைத் திருச்சபையின் கையிலிருந்து காப்பாற்ற. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் இரு நாட்டுச் சண்டைகளும் விளங்கிவிடும்.

1789 புரட்சிக்கு முன் பிரான்சில் திருச்சபை பெரும் நிலவுடைமையாளர். புரட்சி அந்த நிலத்தைப் பறித்தது. நெப்போலியன் 1801-இல் போப்போடு சமாதானம் செய்துகொண்டு, பாதிரியார்களுக்கு அரசே சம்பளம் தரும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். நூறு ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1905 டிசம்பர் 9 அன்று வந்த சட்டம், குடியரசு எந்த வழிபாட்டையும் அங்கீகரிக்காது, சம்பளம் தராது, மானியம் தராது என்றது. கூடவே ஒவ்வொருவரின் மனச்சாட்சிக்கும் வழிபாட்டுக்கும் சுதந்திரம் உண்டு என்றும் உறுதி கூறியது. பாரிசில் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் வீதியில் போகிறது, தெருவில் தேங்காய் உடைகிறது. அதுவும் இதே சட்டத்தின் கீழ்தான். அங்கே அரசு வடம் பிடிக்காது, வழியையும் மறிக்காது. 2004-இல் அரசுப் பள்ளி மாணவர்கள் வெளிப்படையான மத அடையாளங்களை அணிவதைத் தடுத்தார்களே, அப்போது இந்தச் சமநிலை தவறியது என்பது என் எண்ணம். ஆசிரியர் அரசின் ஊழியர், மாணவி அப்படியில்லை.

புதுச்சேரிக்கு வருவோம். இங்கே பிரெஞ்சு ஆட்சி ஒரு விசித்திரமான பரிசோதனையைச் செய்தது. திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் இந்துவுக்கு இந்து வழக்கம், முஸ்லிமுக்கு முஸ்லிம் சட்டம் என்பதே இங்கும் நடைமுறை. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை ஒரு புதிய கதவைத் திறந்தது. விரும்பியவர் தம் மத, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்துவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். அப்படி வந்தவர்களுக்கு ரெனோன்சான், அதாவது துறந்தவர் என்று பெயர்.

அவர்கள் துறந்தது மதத்தை இல்லை என்பதைக் கவனியுங்கள். கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போவதை யாரும் தடுக்கவில்லை. துறந்தது, மதமும் சாதியும் தம் குடும்பச் சட்டத்தை எழுதும் உரிமையை. இந்த இயக்கத்தின் முகம் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர். 1873-இல் ஐரோப்பிய பாணிக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தடுக்கப்பட்டவர். பாரிசின் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றவர். துறந்தபோது பிரெஞ்சு முறைப்படி குடும்பப் பெயர் வேண்டியிருந்தது. அவர் எடுத்துக்கொண்ட பெயர் லப்போர்த். அதற்குக் கதவு என்று பொருள்.

கதவு திறந்ததும் அரசியல் உள்ளே வந்தது. 1884-இல் வாக்காளர் பட்டியலையே மூன்றாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர். வழக்கத்தைக் காப்போம் என்ற முழக்கத்தோடு சண்முக வேலாயுத முதலியார் பெரும் செல்வாக்கு பெற்றார். 1899-இல் துறந்தவர் பட்டியல் நீக்கப்பட்டது. ஆனால் சட்டத்தில் அதன் தடம் அழியவில்லை. 1963-இல் இந்தியச் சட்டங்கள் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோது, புதுச்சேரியின் ரெனோன்சான்களுக்கு இந்துத் திருமணச் சட்டம் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு உட்பிரிவு சேர்த்தார்கள். பொது சிவில் சட்டம் வேண்டுமா என்று நாடு முழுக்க விவாதிக்கிறார்களே, அதை விரும்பியவர் மட்டும் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடாக 140 ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்த ஊர் இது.

தலை எண்ணத் தொடங்கியபோது

நவீன காலம் மதத்தைப் பலவீனமாக்கியது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு விஷயத்தில் நேர் எதிர். நவீன அரசு மதத்துக்கு எண்ணிக்கை கொடுத்தது.

1871–72-இல் ஆங்கிலேயர் இந்தியாவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எடுத்தபோது ஒவ்வொருவரையும் ஒரு மதக் கட்டத்துக்குள் எழுதினார்கள். அதற்கு முன் ஒரு மீனவர் தம்மை ஊர்க்காரராக, தொழில்காரராக, குலசாமியின் பிள்ளையாக அறிந்திருந்தார். ‘இந்துக்கள் இத்தனை கோடி, முஸ்லிம்கள் இத்தனை கோடி’ என்ற கணக்கு அவர் மனத்தில் இருந்திருக்காது. கணக்கு வந்ததும் பெரும்பான்மை, சிறுபான்மை என்ற சொற்கள் வந்தன. பின்னாலேயே தேர்தல் வந்தது. தேர்தலில் எண்ணிக்கைதான் பலம். 1909-இல் முஸ்லிம்கள் மட்டுமே வாக்களிக்கும் தனித் தொகுதிகள் தரப்பட்டன. 1947-இல் அப்படிப்பட்ட கணக்கெடுப்பு எண்களை வைத்துத்தான் எல்லைக்கோட்டை இழுத்தார்கள்.

விடுதலைப் போராட்டமும் மதத்தின் மொழியை எடுத்துக்கொண்டது. திலகர் 1893-இல் வீட்டுப் பிள்ளையார் சதுர்த்தியைத் தெருவிழாவாக்கினார். அரவிந்தர் 1909-இல் உத்தர்பாராவில் பேசியபோது சனாதன தர்மமே நமக்கு தேசியம் என்றார். மறு ஆண்டு ஏப்ரல் 4 அன்று ஆங்கிலேய போலீசின் பிடிக்கு எட்டாத புதுச்சேரியில் வந்து இறங்கினார். இங்கே அவர் அரசியலை விட்டு யோகத்துக்குள் போனார். காந்தி, துருக்கியின் கலீபா பதவியைக் காக்க எழுந்த கிலாபத் இயக்கத்தை ஆதரித்து முஸ்லிம்களை ஒத்துழையாமைக்குள் கொண்டுவந்தார். மக்களைத் திரட்ட அவர்களுக்குத் தெரிந்த மொழியில்தானே பேச வேண்டும் என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு மதத்தின் மொழியில் அழைத்தால் மற்ற வீட்டுக் கதவுகள் மூடிக்கொள்ளும் என்பதையும் அந்த வரலாறுதான் காட்டியது.

தமிழகத்தில் எதிர்த்திசையிலும் ஒரு குரல் எழுந்தது. மதத்தின் பெயரால் சாதி நிற்கிறது, ஆகவே மதத்தையே கேள்வி கேட்பேன் என்றார் பெரியார். 1944-இல் கடலூரில் அவர்மீது செருப்பு வீசினார்கள். 1972-இல் அதே ஊரில் அவருக்குச் சிலை எழுந்தது.

கோயில் கதவு

பிரான்சைப் போல் இந்திய அரசும் எட்டி நின்றிருக்கலாமே என்று கேட்கலாம். ஆங்கிலேயர் அதை முயன்று பார்த்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1817-இல் சென்னை மாகாணக் கோயில் சொத்துகளின் மேற்பார்வையை ஏற்றது. கிறிஸ்தவ அரசு சிலை வழிபாட்டுக்குத் துணை போவதா என்று மிஷனரிகள் கொதித்தார்கள். கம்பெனி மெல்லக் கைகழுவியது. 1863-இல் அதற்கென்றே சட்டமும் வந்தது. அரசு விலகியதும் பல இடங்களில் கோயில் நிலம் தர்மகர்த்தாக்களின் சொந்த நிலம்போல் ஆனது. நீதிக்கட்சி ஆட்சி 1925-இல் அறநிலையச் சட்டம் கொண்டுவந்தது அந்தச் சூழலில். 1959-இல் வந்த சட்டம்தான் திருத்தங்களோடு இன்றும் தமிழகத்தில் நடப்பில் இருக்கிறது. புதுச்சேரிக்கு 1972-இல் தனிச் சட்டம்.

பணத்தைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. கோயில் கதவு பலருக்குச் சாத்தியிருந்தது. அரசு எட்டி நின்றால் சாத்தியவர் கையில்தான் சாவி இருக்கும். ஆகவே அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு மதச் சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டு, இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிட அரசு சட்டம் இயற்றலாம் என்றும் சேர்த்தது. அப்படி எழுதியவர்கள் செய்தது சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதே சமயம், கதவைத் திறந்துவிட உள்ளே நுழைந்த அரசு, கல்லாப்பெட்டி அருகே எத்தனை காலம் உட்காரலாம் என்பது நியாயமான கேள்வி. சிதம்பரம் நடராசர் கோயில் நிர்வாகத்தை 2009-இல் அறநிலையத் துறை ஏற்றது. 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பொது தீட்சிதர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. சீர்கேடு இருந்தால் சரிசெய்யும்வரை தலையிடலாம், நிரந்தரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம். ஊரில் இந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

கடலூர் மாவட்டத்திலேயே சட்டம் எட்டாத இன்னொரு காட்சியும் உண்டு. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகசுவாமி கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போவார். வழியில் தர்காவின் முன் முஸ்லிம்கள் அவரை வரவேற்று மரியாதை செய்கிறார்கள். எந்த அரசாணையும் அதைச் சொல்லவில்லை.

மற்ற நாடுகளை வேகமாகப் பார்த்துவிடலாம். துருக்கி 1924-இல் கலீபா பதவியை ஒழித்தது. முடிச்சை அவிழ்க்கப் போய் மதத்தையே அரசின் அலுவலகமாக்கியது. ஈரானில் 1979-இல் மதகுருமாரே அரசானார்கள். பாகிஸ்தானில் குடியரசுத் தலைவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்பது சாசன விதி. லெபனானில் 1943 முதல் ஜனாதிபதி மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியா என்று பங்கு பிரித்தார்கள். 1975-இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 15 ஆண்டுகள் எரிந்தது. இலங்கையின் 1972 சாசனம் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. அங்கே தமிழர்கள் பட்டதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதைப் படித்துவிட்டு, மதம் பொதுவாழ்வில் கால் வைத்தாலே கேடு என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காக நின்ற மார்ட்டின் லூதர் கிங் ஒரு போதகர். தென்னாப்பிரிக்க நிறவெறியை எதிர்த்த டூட்டு ஒரு பிஷப். வடலூரில் 1867-இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பந்தியில் உட்காருகிறவரை யாரும் சாதி, மதம் கேட்பதில்லை. இவர்கள் எல்லோரும் தம் நம்பிக்கையிலிருந்து பேசினார்கள். மற்றவரின் பதவியைப் பறிக்கவோ உரிமையை மறுக்கவோ அதைப் பயன்படுத்தவில்லை.

வடத்துக்குத் திரும்பினால்

இப்போது என் தங்கை மகளின் கேள்விக்கு வரலாம். நம் அரசு பிரெஞ்சு வழியில் எட்டி நிற்கவில்லை. எல்லா வாசல்களுக்கும் சமமாகப் போய்வரும் வழியைப் பிடித்தது. அதே வில்லியனூரில் லூர்து மாதா திருத்தலமும் இருக்கிறது. அங்கும் ஆட்சியாளர்கள் போகலாம். போகலாம் என்பதற்கு எல்லைகளும் உண்டு. ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்று யாரிடமும் வரி வாங்கக் கூடாது என்கிறது 27-ஆம் பிரிவு. மதத்தைக் காட்டி அரசுப் பணியை மறுக்கக் கூடாது என்கிறது 16-ஆம் பிரிவு. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது தேர்தல் முறைகேடு என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பால் அதன் வீச்சை இன்னும் விரித்தது. தேர்ச் சக்கரத்தின் அடியில் கட்டை கொடுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். வடத்தை இழுப்பவர்கள் முன்னால் இருப்பார்கள். தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கட்டைக்காரர்தான் முடிவு செய்கிறார். சட்டத்தின் இந்தப் பிரிவுகள் அந்தக் கட்டைகள்.

ஆகவே ஆளுநர் வடம் பிடிப்பதில் என் கண் அவர் கையில் நிற்பதில்லை. அந்த வடத்தில் வேறு யார் கை இருக்கிறது, யார் கை தடுக்கப்படுகிறது என்பதில்தான் நிற்கிறது. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் வடம் பிடிக்கும் உரிமைக்காகப் பட்டியல் சமூகத்தவர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. தேர் பல ஆண்டுகள் ஓடவே இல்லை.

இதையெல்லாம் ஒரு மாலையில் அவளிடம் சொல்லி முடித்தேன். கேட்டுக்கொண்டிருந்தவள் சற்று யோசித்துவிட்டு இன்னொன்று கேட்டாள்.

"மாமா, கடவுள் நம்பிக்கையே இல்லாத ஒருவர் ஆளுநராக வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடிக்கமாட்டேன் என்று அவர் சொல்லலாமா?"

"சொல்லலாம்."

"சொன்ன பிறகு?"

"மறுநாள் காலை வழக்கம்போல அலுவலகம் போய்க் கோப்பில் கையெழுத்துப் போடலாம். ஆளுநராகவே இருப்பார்."

அவள் நைனியப்பப் பிள்ளை இறந்த ஆண்டை மறுபடி கேட்டு, நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். 1717.